படிவத்தில் இடமில்லாத இருவர்

கல்லூரி ஆசிரியனுடைய மேசைக்கு வரும் கடிதங்களுள் விடுமுறை விண்ணப்பங்களே ஒரு காலத்தில் மிகுதியாக இருந்தன. இப்போது நிலை வேறு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எம்மைத் தேடி வரும் பழைய மாணவர்களுட் பெரும்பாலார் கேட்பது நற்சான்றிதழ் ஒன்றே. பொறியியலாளர், கணக்காளர், தாதியர், கணினித் துறையினர் எனப் பலரும் வருகின்றனர். அவ்வோராண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலின் பொருட்டுப் பதிவு செய்து வெளிநாடு சென்றனர் என்பது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கணக்கு. போகலாமா, இருக்கலாமா என்னும் வழக்கை நாம் இன்று எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வழக்கில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. தீர்ப்போ அவரவர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. போவதென்று தீர்மானித்துவிட்ட குடும்பம் எவ்வாறு திட்டமிடவேண்டும் என்பதையே இவ்வாரம் ஆராய விரும்புகிறோம்.

தொழிற்றிறமையை மூலதனமாகக் கொண்டு கடல் கடப்பது எம்மவர்க்குப் புதியதன்று. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் வீடுகள் எழுந்தன; பாடசாலைகள் வளர்ந்தன. ஆனால் அன்று பெரும்பாலும் தனியாளே முதலிற் போனான். வீடும் வளவும் தாய் தந்தையரும் மாடு கன்றும் ஊரிலேயே இருந்தன. போனவன் ஒருநாள் திரும்புவான் என்ற எண்ணமும் உடன் இருந்தது. இன்று குடும்பம் முழுவதும் ஒரே விண்ணப்பத்திற் பெயர்கிறது. வீட்டுக் கதவு பூட்டப்படுகிறது. ஆகையால் தனியாளின் திட்டம் இன்றைக்குப் போதாது.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் கூட்டத்தைக் கண்டிருப்பீர்கள். காட்டுவழி புகும்போது அக்கூட்டத்தின் வேகத்தைக் குறிப்பவர் எவர்? முன்னே விரைந்து நடக்கும் வாலிபர் அல்லர். கோலூன்றி வரும் முதியவளும், தோளில் தூங்கி வழியும் குழந்தையுமே அவ்வேகத்தைக் குறிக்கின்றனர். எவரையும் பின்னே விட்டுச் செல்லலாகாது என்பதனால் மெல்ல நடப்பவரின் நடையே எல்லோருக்கும் நடையாகிறது. குடும்பம் புலம்பெயர்வதற்கும் இதுவே முறை என்பது எமது கருத்து. யாருக்கு அதிக காலம் வேண்டுமோ அவரை முதலிற் கருதித் திகதி குறிக்கவேண்டும். நடைமுறையிலோ இது தலைகீழாக நடக்கிறது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவர் 37 வயதுடைய சிவில் பொறியியலாளர், பட்டதாரி, எட்டாண்டுக்கு மேல் தொழில் அனுபவம் உடையவர். மனைவி 32 வயதினர். கணினி மென்பொருட் பட்டதாரி. இவருடைய அனுபவம் ஆறாண்டு. பிள்ளைகள் இருவர். கணவருடைய தாயார் உடன் இருக்கிறார். வாசலிலே ஒரு நாயும் உண்டு. இவர்கள் அவுஸ்திரேலியா செல்ல விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம்.

திறமையுள்ள தொழிலாளரைப் புள்ளியிட்டுத் தெரிவு செய்யும் முறையை முதன்முதலிற் கைக்கொண்ட நாடு கனடா. அது 1967 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நிறம் பார்த்து ஆட்சேர்த்த கொள்கையை 1973 ஆம் ஆண்டுடன் கைவிட்ட அவுஸ்திரேலியாவும் பின்னர் அவ்வழியிற் சென்றது. இதனை எழுதும் வேளையில் அங்கே குறைந்தபட்சப் புள்ளி 65 ஆகும். அதனைப் பெற்றதும் அழைப்பு வந்துவிடும் என்பதில்லை. போட்டியிடும் தகுதி மாத்திரமே கிடைக்கும்.

கணவரின் கணக்கைப் பார்ப்போம். 33 முதல் 39 வரையான வயதுக்கு 25 புள்ளிகள். பட்டத்துக்கு 15. வெளிநாட்டில், அதாவது இலங்கையில், எட்டாண்டு அனுபவத்துக்கு 15. ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.ரி.எஸ். நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10. ஆகக் கூடி 65. மனைவியும் தமது தொழிற்றகைமையை மதிப்பிடுவித்து, ஆங்கிலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் 6 எடுத்தாராயின் மேலும் 10 சேரும்; அப்போது 75.

இனி மனைவியை முதல் விண்ணப்பதாரியாகக் கொள்வோம். 25 முதல் 32 வரையான வயதுக்கு 30. பட்டத்துக்கு 15. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் ஏற்கப்பட்டால் 10. ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் 8 எடுத்தால் 20. கணவரின் தகைமைக்கு 10. ஆகக் கூடி 85. ஆண்மகனே முதல் விண்ணப்பதாரியாக வேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. ஆயினும் எத்தனையோ வீடுகளில் மனைவியின் பெயரில் இக்கணக்கு ஒருமுறையேனும் போட்டுப் பார்க்கப்படுவதில்லை. குடும்பத் திட்டம் குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து இடவேண்டிய திட்டம் என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

வயதும் காத்திராது. 40 ஆவது பிறந்தநாள் வந்ததும் வயதுக்குரிய புள்ளி 25 இலிருந்து 15 ஆக இறங்கும். 45 வந்ததும் வாயில் அடைபடும். விண்ணப்பித்த நாளின் வயதன்று, அழைப்பு வரும் நாளின் வயதே கணக்கு. மாநிலம் ஒன்று பரிந்துரைத்தால் 190 என இலக்கமிட்ட விசாவுக்கு 5 புள்ளிகளும், பெருநகர்க்குப் புறம்பான பிரதேசத்தில் வாழ உடன்பட்டால் 491 என்னும் விசாவுக்கு 15 புள்ளிகளும் மேலதிகமாகக் கிடைக்கும். பின்னையது ஐந்தாண்டுக்குரியது, மூன்றாண்டின் பின் நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேசம் என்றதும் வனாந்தரம் என எண்ணற்க. அடெலெயிட், பேர்த் போன்ற நகரங்களும் அதனுள் அடங்கும்.

இத்துணைக் கணக்கையும் விண்ணப்பிப்போர் நன்கு அறிவர். பத்திரங்களின் செய்தியில் இரண்டொரு சொல் கூறுவோம். எம்மவர் பெயரின் முன்னே தந்தையாரின் பெயர் முதலெழுத்தாக நிற்கிறது. மேனாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஓரெழுத்து, பட்டச் சான்றிதழில் வேறோர் எழுத்து, கடவுச்சீட்டில் மற்றோர் எழுத்து என்றிருப்பின் அதனை இங்கேயே திருத்திக்கொள்வது நலம். தொழில் வழங்கியவரிடம் பெறும் கடிதம் "நற்குணமுடையவர், கடமை தவறாதவர்" என்று புகழ்ந்தால் மட்டும் பயனில்லை. எத்திகதி முதல் எத்திகதி வரை, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், என்னென்ன வேலை, என்ன சம்பளம் என்பவற்றை அது கூறவேண்டும். எம்மிடம் நற்சான்றிதழ் கேட்டு வருவோர்க்கும் நாம் இதனையே சொல்வதுண்டு. ஆசிரியரின் ஆசி வேறு, அத்தாட்சி வேறு.

இனி நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருவோம். மேற்சொன்ன விண்ணப்பப் படிவத்திலே கணவர்க்கு இடமுண்டு, மனைவிக்கு இடமுண்டு, பிள்ளைகளுக்கு இடமுண்டு. அவ்வீட்டில் உள்ள ஏனைய இருவர்க்கு இடமில்லை. ஒருவர் தாயார். மற்றது வாசலிற் கிடக்கும் நாய். தாயாரையும் நாயையும் நாம் ஒப்பிடுகிறோம் என்று எவரும் கருதவேண்டாம். படிவம் அவ்விருவரையும் ஒருங்கே விட்டுவிட்டது என்பதையே சுட்டுகிறோம். படிவம் விட்டதைக் குடும்பமும் விட்டுவிடுவதிலேதான் துன்பம் பிறக்கிறது.

தாயாரின் நிலையை முதலிற் கூறுவோம். திறமைசார் விசாக்கள் பெரும்பாலானவற்றில் 2016 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் வாழ்க்கைத்துணையும் தங்கிவாழும் பிள்ளைகளுமே குடும்பம் எனக் கொள்ளப்படுவர். பெற்றோரைச் சேர்க்க இயலாது. பெற்றோர்க்கென வேறு விசா உண்டு. பெருந்தொகை கட்டத்தேவையில்லாத வகைக்குப் புதிதாக விண்ணப்பிப்போர் முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டும் என்று அந்நாட்டு அரசாங்கமே அறிவித்திருக்கிறது. எழுபது வயதுத் தாயார்க்கு இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பெருந்தொகை கட்டும் வகையிலும் காத்திருப்பு ஆண்டுக்கணக்கானது. மூன்று அல்லது ஐந்தாண்டு தங்கியிருக்கக்கூடிய தற்காலிக விசா ஒன்றும் உண்டு. "நாங்கள் போய் நிலைத்ததும் உங்களைக் கூப்பிடுவோம், அம்மா" என்று சொல்லும் மகன் இவ்விவரங்களை அறிந்தே சொல்கிறாரா? அறியாது சொன்னால் அது ஆறுதல். அறிந்தும் சொன்னால் அது பொய். இரண்டுக்கும் பதிலாக உண்மையைக் கூறி, யார் வீட்டில், யார் துணையில், எந்த வைத்தியசாலைக்கு அண்மையில் அவர் இருப்பார் என்பதை அவரையே கேட்டுத் தீர்மானிப்பதுதான் முறை.

அடுத்தது நாய். இங்கேதான் குடும்பங்கள் பலவும் இடறுகின்றன. விமானச்சீட்டு எடுத்த பின்னர், "நாயை என்ன செய்வது?" என்று கேட்கின்றனர். அவ்வேளையிற் கேட்பதற்கு நல்ல விடை கிடையாது.

காரணத்தை விளக்குவோம். நாய்களால் பரவும் விசர்நோய் அவுஸ்திரேலியாவில் இல்லை. இலங்கையிலோ விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டும், இன்றுவரை அந்நோய் முற்றாக ஒழியவில்லை. ஆதலால் நாயை நேரே ஏற்றுக்கொள்வதற்கு அவுஸ்திரேலியா அங்கீகரித்த நாடுகளின் பட்டியலில் எமது நாடு இடம்பெறவில்லை. எங்கள் நாய் அங்கே செல்ல வேண்டுமாயின், சிங்கப்பூர் போன்ற அங்கீகாரம் பெற்ற நாடொன்றுக்கு முதலிற் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மாதக்கணக்கில் தங்கி, அங்கிருந்தே புறப்படவேண்டும். தோலின் கீழ் மைக்ரோசிப் என்னும் அடையாளச் சில்லு பதித்தல், அதன் பின் விசர்நோய்த் தடுப்பூசி, அதன் பின் இரத்தப் பரிசோதனை என்பது வரிசை. தடுப்பூசி முந்தி, சில்லு பிந்தினால், ஊசி பெற்ற நாய் இதுதான் என்பதற்கு அத்தாட்சி இல்லாது போகும். இரத்த மாதிரி ஆய்வுகூடத்தை அடைந்த நாளிலிருந்து 180 நாட்கள் கழிந்தாலன்றி நாய் அவுஸ்திரேலிய மண்ணில் இறங்க இயலாது. இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேறு பெறவேண்டும். இறங்கும் இடமும் மெல்பேர்ண் ஒன்றே. அந்நகருக்கு அண்மையிலுள்ள மிக்கில்ஹாம் அரசாங்கத் தடுப்பு நிலையத்தில் குறைந்தது 10 நாட்கள், சில வேளைகளில் 30 நாட்கள், அது தங்கவைக்கப்படும். பேர்த் நகருக்குப் போகும் குடும்பத்தின் நாயும் மெல்பேர்ண் வழியாகவே போகவேண்டும்.

இவ்விதிகள் எவருக்காகவும் வளைவதில்லை. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க நடிகர் ஜோனி டெப் தம்முடைய இரு சிறிய நாய்களைச் சொந்த விமானத்திலே குயின்ஸ்லாந்துக்கு அறிவியாது கொண்டுவந்தார். நாய்களைத் திருப்பி அனுப்பவேண்டும், அன்றேல் அவை கொல்லப்படும் என்று விவசாய அமைச்சர் வெளிப்படையாகக் கூறினார். நாய்கள் திரும்பிப் போயின. பொய்யான படிவம் கொடுத்த குற்றத்தை அடுத்த ஆண்டு அவருடைய மனைவி நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உலகறிந்த நடிகரின் நாய்க்கே இவ்விதமாயின், நம் வீட்டு நாய்க்கு விலக்குக் கிடைக்கும் என எதிர்பார்ப்பது வீண்.

எல்லா நாடுகளும் இத்துணைக் கடுமை காட்டுவதில்லை. குடும்பத்தோடு செல்லும் வளர்ந்த நாய்க்குக் கனடா பிரதானமாகக் கேட்பது முறையான விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழே; தடுத்துவைக்கும் காலம் கிடையாது. விற்பனைக்கெனக் கொண்டுசெல்லப்படும் நாய்களுக்கு விதி வேறு. பிரித்தானியா சில்லு, தடுப்பூசி, ஊசியேற்றி 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன் பின் மூன்று மாதக் காத்திருப்பு என்பவற்றைக் கேட்கிறது. புறப்படுமுன் நாடாப்புழு மருந்தும் கொடுக்கவேண்டும். எந்த நாடாயினும் புறப்படுமுன் எமது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். கிளியும் முயலும் வளர்ப்போர்க்கு ஒரு சொல்: அவுஸ்திரேலியா அவற்றை நியூசிலாந்திலிருந்து மாத்திரமே ஏற்கும். இலங்கையிலிருந்து அவற்றுக்கு வழியில்லை. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலால் புறப்படும் ஆண்டில் அவ்வந்நாட்டு அரசாங்கத்தின் அறிவித்தலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.

இவற்றை ஒன்று சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகளுடைய கடவுச்சீட்டுச் சில வாரங்களிற் கிடைக்கலாம். பொலிஸ் சான்றிதழும் அவ்வாறே. அழைப்பு வந்த பின் விண்ணப்பம் கொடுக்க அவகாசம் 60 நாட்கள். நாய்க்கோ ஓராண்டுக் கணக்குத் தேவைப்படுகிறது. யாத்திரையில் மெல்ல நடப்பது நாய்தான். எனவே ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் கட்டும் அதே மாதத்தில் மிருக வைத்தியரிடமும் ஒருமுறை செல்லுதல் வேண்டும். விசா கிடைக்காது போனாலும் ஊசிக்கும் சில்லுக்கும் செலவான பணம் வீணாகாது. நாயும் அயலாரும் நோயின்றி இருப்பர்.

அழைத்துச் செல்வதே எப்போதும் சரி என்று நாம் கூறவில்லை. பத்து வயது தாண்டிய நாயை மூன்று விமானங்களில் ஏற்றி, இடையிலே அறிமுகமில்லாத தேசத்தில் மாதக்கணக்கில் தங்கவைப்பது அன்பா என்று சிந்திக்கவேண்டும். தட்டை மூக்குடைய இனங்களுக்கு விமானப் பயணம் மூச்சுத்திணறலைக் கொடுக்கும். பல விமானக் கம்பனிகள் அவற்றை ஏற்பதில்லை. இடைநாட்டுச் செலவு ஒரு குடும்பத்தின் முதலாண்டு வீட்டு வாடகையை விழுங்கக்கூடும். போனபின்னும் வாடகை வீட்டுக்காரர் நாயை ஏற்பாரோ என்ற கேள்வி நிற்கிறது. விக்டோரியா மாநிலத்தில் 2020 ஆம் ஆண்டு முதல் வீட்டுக்காரர் தகுந்த காரணமின்றி மறுக்கலாகாது என்று சட்டம் உண்டு; எனினும் வீடு தேடும்போது சட்டம் மட்டும் துணை செய்யாது. இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து, "இது இங்கேயே இருக்கட்டும்" என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால் அது பாவமன்று. தீர்மானிக்காமலே விட்டு, கடைசிக் கிழமையிலே சந்தை மூலையிற் கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் பாவம்.

இவ்விடத்திலே எம்மவர்க்கு ஒரு நினைவு வராமற் போகாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு துறந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தனர். மாட்டின் கட்டை அவிழ்த்துவிட்டுப் போனோம். நாய் படலையடியில் நின்றது. நடக்கமாட்டாத முதியோர் சிலரும் வீட்டிலே தங்கினர். அன்று எம்மிடம் நாட்காட்டி இல்லை; மணிக்கணக்கே இருந்தது. எவரையும் குறைகூற இயலாது. அது இடப்பெயர்வு. இன்று நாம் பேசுவது குடிபெயர்வு. இதற்கு ஈராண்டு, மூவாண்டு அவகாசம் உண்டு; படிவம் உண்டு, பரீட்சை உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. ஓடவேண்டிய அவசியமின்றி ஓடுபவரைப் போல நடந்துகொள்வதற்கு எமக்கு நியாயம் இல்லை.

மகாபாரதத்தின் இறுதியிலே தருமர் செய்த காரியம் சிறுவர்க்கும் தெரிந்ததே. வடதிசை நோக்கி நடந்தபோது திரௌபதியும் தம்பியரும் ஒவ்வொருவராய் வீழ்ந்தனர். தொடர்ந்து வந்த நாயை விட்டு இந்திரனுடைய தேரில் ஏறத் தருமர் மறுத்தார். உடன்பிறந்தாரை விட்டு வந்தவர் நாயை ஏன் விடமாட்டார் என்று இந்திரன் வினவியபோது, அவர்கள் உயிரோடிருக்கையில் தாம் கைவிட்டதில்லை என்பதே அவர் கூறிய சமாதானம். இக்கதையை மேற்கோளாகக் கொண்டு எல்லோரும் நாயை விமானத்தில் ஏற்றவேண்டும் என்று வாதிப்பது பொருந்தாது. உயிரோடு எம்மை நம்பி நிற்பதொன்றை அதற்கொரு வழி செய்யாமல் விட்டுப்போகலாகாது என்பதே அதன் கருத்து. உடன்கொண்டு செல்வது ஒரு வழி. நல்ல கையில் ஒப்படைப்பது மற்றொரு வழி.

ஒப்படைப்பதற்கும் முறை உண்டு. புதிய வீட்டாரை ஆறு மாதம் முன்னரே தேடுக. நாயை அவர்கள் வளவுக்கு முதலிற் பகலில் மாத்திரம் கொண்டுசென்று பழக்குக. பின்னர் ஓரிரவு, பின்னர் ஒரு கிழமை. தடுப்பூசி அட்டை, உண்ணும் உணவு, அஞ்சும் சத்தம், முன்பு வந்த நோய் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுக்க. ஆண்டுதோறும் ஊசிக்கும் உணவுக்கும் ஒரு சிறு தொகை அனுப்புவதாக ஒப்புக்கொண்டு அதனைத் தவறாது அனுப்புக. கருத்தடைச் சிகிச்சையைப் புறப்படுமுன் நீங்களே செய்வித்துவிடுக. தாயார் ஊரிலேயே இருக்கப்போகிறாராயின் நாயும் அவரோடிருப்பது இருவர்க்கும் நன்மையாக அமையலாம். ஆனால் அதனை அவரிடம் கேட்டே செய்யவேண்டும். முழங்கால் வலியுடைய முதியவளின் கையில் வலிய நாயின் சங்கிலியைக் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்குத் துணை" என்று சொல்லிப் போவது துணையாகாது; சுமையாகும்.

உடன்கொண்டு செல்வதாயின் பயணக் கூட்டைப் பல வாரங்களுக்கு முன்னரே வாங்கி வீட்டில் திறந்து வைக்கவேண்டும். நாய் அதனுள் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் இருத்தல் விதி. அதனுள்ளே உணவு வைத்துப் பழக்கினால் அது சிறையாகத் தோன்றாது. மயக்க மருந்து கொடுத்து அனுப்புவது ஆபத்தானது. வைத்தியர்கள் அதனை விரும்புவதில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். படிவத்தில் அவர்களுக்கு இடமுண்டு, ஆலோசனையிலோ இடமில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையை ஆண்டின் நடுவிலே பெயர்த்தெடுப்பதா, பரீட்சை முடியும்வரை காத்திருப்பதா என்பதை அப்பிள்ளையோடும் பேசவேண்டும். அவுஸ்திரேலியாவில் பாடசாலை ஆண்டு சனவரி மாதக் கடைசியிலே தொடங்குகிறது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் பாடசாலை இறுதிப் பரீட்சைக்குத் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்பதைப் பெற்றோர் அறிந்துவைத்தல் நன்று. அப்பம்மாவும் நாயும் வரமாட்டார்கள் என்றால் அதனையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். "பிறகு வருவார்கள்" என்று சொல்லி விமானத்தில் ஏற்றப்பட்ட பிள்ளை, பொய்யைக் கண்டுகொள்ளும் நாளிலே நாயை மாத்திரம் இழப்பதில்லை. பெற்றோரின் சொல்லில் வைத்த நம்பிக்கையையும் இழக்கிறது.

தரகர்களைப் பற்றி எச்சரியாமல் முடிப்பது சரியாகாது. "விசா நிச்சயம்" என்று கூறுபவர் எவராயினும் அவரை நம்பவேண்டாம். புள்ளிமுறையில் நிச்சயம் என்று ஒன்றில்லை. அவுஸ்திரேலிய விசாவுக்குப் பணம் வாங்கி ஆலோசனை கூறுவோர் அந்நாட்டில் பதிவு பெற்றவரா என்பதை அந்நாட்டுக் குடிவரவு முகவர் பதிவு அதிகாரசபையின் பட்டியலிலே எவரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். காணி உறுதியை ஈடு வைக்குமுன் அப்பட்டியலைப் பார்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும். நாயை அனுப்பித் தருவதாகக் கூறும் முகவரிடமும் ஒவ்வொரு படிக்கும் உரிய அரசாங்கப் பத்திரத்தைக் கேளுங்கள்.

மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நாளை உங்களிற் பலர் இவ்விண்ணப்பங்களை நிரப்பப் போகிறீர்கள். உங்கள் திறமைக்குப் புள்ளி இடுவார்கள். வயதுக்கும் மொழிக்கும் புள்ளி இடுவார்கள். உங்களை நம்பியிருந்தவர்களை எவ்வாறு விட்டு வந்தீர்கள் என்பதற்குப் புள்ளி இட ஒருவரும் இல்லை. அக்கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளவேண்டும்.

எனவே புறப்பட எண்ணியிருக்கும் குடும்பத்தார் இவ்வாரமே ஒரு நாட்காட்டியை எடுத்து மேசையில் விரித்து, எல்லோரும் சுற்றியமர்ந்து எழுதத் தொடங்குவார்களாக. படிவத்தில் இடம்பெற்றோரின் வேலைகளைப் பின்னர் எழுதலாம். தாயாரின் பெயரை முதலில் எழுதுங்கள். அதன் கீழே நாயின் பெயரை எழுதுங்கள். அவ்விரு பெயர்களுக்கும் எதிரே திகதியும் வழியும் குறித்த பின்னர் விமானச்சீட்டைப் பற்றிப் பேசலாம் என்பதே எமது வேண்டுகோள்.